அடுப்படி வரைக்கும் ஒரு லைன்

ஜூன் 14, சனி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பாளையங்கோட்டை மாடி வீடு ஒன்றின் ஹாலில் நெடுங்காலமாக வசித்து வரும் திருவாளர் மணி பிளாண்ட் அவர்கள், இன்று காலை இட்லிக்கும் காபிக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஓர் இலை விட்டிருக்கிறார். இலை நலம். தண்டும் நலம். விழா எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. பொதுமக்கள் முண்டியடிக்க வேண்டாம்.

இந்த நோட்டு எப்படி என் கைக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘பராமரிப்புப் பணி காரணமாக இன்று காலை முதல் மாலை வரை மின் விநியோகம் இருக்காது.’ வாசகம் அச்சு அசல். ஹெட்மாஸ்டர் அதை நம்பிக் கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டினார். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொன்னார். தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாக ஆறு ஓடியது. மதியம் வரை தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. பள்ளியில் லைன்மேன் மகன் ஒரே ஆள்தான். போலீஸ் நாய் தேவைப்படவில்லை.

தமிழ் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிரம்புக்குத் தயாராகக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு போனேன். அவர் இந்த நோட்டைக் கொடுத்தார்.

“தெனமும் எழுது. எதைப் பத்தி வேணும்னாலும் எழுது. மாசக் கடைசில கொண்டா.”

“படிப்பீங்களா ஐயா?”

“படிக்க மாட்டேன். எழுதிருக்கியான்னு புரட்டிப் பாப்பேன், அவ்வளவுதான்.”

அப்பா செத்துப்போன பையனை யாரும் அடிப்பதில்லை. இது எனக்குக் கிடைத்திருக்கும் வசதி. இதை எப்படி முழுசாகப் பயன்படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா பெயர் பிரமநாயகம். எத்தனையோ வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியும் உடம்பில் ஒரு கீறல் விழாத மனிதர். மே மாதம் ஒரு காலையில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே பக்கத்து ஆள் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அந்த ஆள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாராம்.

வீட்டில் அம்மா அழுதாள். தங்கை வடிவு அழுதாள். வந்தவர்கள், போனவர்கள், பந்தல்காரர் வரைக்கும் அழுதார்கள். அழாத ஒரே ஆள் நான்தான். சாதனை இன்று வரை முறியடிக்கப்படாமல் இருக்கிறது.

செடிக்கு வருகிறேன். இது அப்பா செடி. மற்ற வீடுகளில் மணி பிளாண்ட் தொங்கும். எங்கள் வீட்டில் அது லைனாக ஓடும். வயர் அடிக்கிற கிளிப்பை வைத்து, டிவிக்கு மேலே ஏற்றி, காலண்டரைத் தாண்டி, கடிகாரத்துக்குக் கீழே வளைத்து, சுவரோடு சுவராக அப்பா இழுத்து வைத்திருக்கிறார். “அடுப்படி வரைக்கும் இழுத்து உங்கம்மைக்கு ஒரு சப்ளை குடுத்துட்டம்னா வேல முடிஞ்சிது” என்பார். அடுப்படி நிலைக்கு ஒரு சாண் இருக்கும்போது வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நடுவில் ஓர் இலையில் மட்டும் வெள்ளைப் புள்ளி இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா சிந்திய சுண்ணாம்பு. அம்மா ஏசினாள். “கெடக்கட்டும், திருஷ்டிப் பொட்டு” என்றார். ஏணியிலிருந்து இறங்காமலே.

இன்று வந்தது, அப்பா போன பிறகு செடி விட்ட முதல் இலை. அடுப்படியைப் பார்த்துத்தான் விட்டிருக்கிறது.


ஜூன் 15, ஞாயிறு

பரணில் ஒரு புதுத் தொட்டி இருக்கிறது. பழைய பெயிண்ட் வாளி அடியில் விரிசல் விட்டு, வேர் வெளியே எட்டிப் பார்க்கிறது என்று அப்பா வாங்கி வந்தது. சுற்றிய செய்தித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. “ஞாயித்துக்கெழம மாத்திருவோம்ல” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பந்தல் போட்டிருந்தது.

பந்தலில் வைத்து ஆளாளுக்கு என் தோளைத் தட்டி, “இனி நீதாம்ல வீட்டுக்கு ஆம்பள” என்றார்கள். தட்டியதில் ஒரு பக்கம் தோள் இறங்கிவிட்டது. சரி, ஆம்பளை முதல் வேலையாகத் தொட்டி மாற்றுவோம் என்று இன்று இறங்கினேன்.

உதவிக்கு சுடலைமணி வந்தான். என் வகுப்பு. அவன் வீட்டில் வயல் உண்டு. ஆற்றங்கரை வண்டல் ஒரு சாக்கும், காகிதத்தில் மடித்த யூரியாவும் கொண்டுவந்தான்.

“ஒரு கைப்பிடி போடுல. எங்க வயல்ல போட்டா நெல்லு கரும்பச்சையா நிக்கும்.”

“வயலுக்கே ஒரு கைப்பிடிதானா?”

“வயலுக்கு மூட்ட. செடிக்குக் கைப்பிடி. கணக்கு சரிதானல.”

எனக்கும் சரியாகத்தான் பட்டது. செடியை வாளியிலிருந்து உருவினோம். வேர் வாளியின் வடிவத்திலேயே சுருண்டு, அப்பாவின் பழைய வயர்ச் சுருள் மாதிரி இருந்தது. அழுக்கு வேரோடு புதுத் தொட்டிக்குப் போகலாமா என்று குழாயடியில் வைத்து நன்றாக அலசினேன். கொஞ்சம் அறுந்தது. வண்டலை இறுக்கி மிதித்தோம். ஒரு கைப்பிடி யூரியா போட்டேன். பிறகு “இது அப்பா பேருக்கு” என்று சொல்லி இன்னொரு கைப்பிடி.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அம்மாவுக்குள் மே மாதத்திலிருந்து பவர் கட். எப்போது வரும் என்று கேட்க எந்த ஆபீசுக்கும் போன் போட முடியாது. காலையில் எழுந்து இந்தச் செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். அதற்காகத்தான் அவள் எழுந்திருக்கிறாள் என்று தோன்றும். மற்றபடி ரசம் வைப்பாள், படுத்துக்கொள்வாள்.

இன்று பேசினாள்.

“பாத்துல. அவிய தொட்டது.”

“நாங்க பாத்துக்கிடுதோம்மா. நீ போயி ரெஸ்ட் எடு” என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.


ஜூன் 16, திங்கள்

செடி நலம். தோட்டக்கலைத் துறையிலிருந்து விருது சம்பந்தமாக இன்னும் யாரும் தொடர்பு கொள்ளவில்லை.


ஜூன் 18, புதன்

“அண்ணே, எல வெளுக்கு” என்றாள் வடிவு. நான்காம் வகுப்பு. தேவையில்லாததை எல்லாம் கவனிக்கும் வயது.

“வெளுக்கல. புது வீட்டுக்கு வந்திருக்குல்லா, மஞ்ச தேச்சுக் குளிச்சிருக்கு.”

“செடியா?”

“குடும்பச் செடி அப்படித்தான்.”

அவள் நம்பவில்லை. நான் ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன்.


ஜூன் 20, வெள்ளி

வெள்ளிதோறும் அம்மா ஈரத் துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். அப்பா இருக்கும்போதே உள்ள வழக்கம். வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்த மரியாதை இதற்குத்தான்.

இன்று துடைக்கும்போது ஓர் இலை அவள் கையோடு வந்துவிட்டது. இன்னொன்று. அம்மா அவற்றைக் கீழே போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“தண்ணி ரொம்ப ஊத்தாத” என்றாள்.

“செடி மயக்கத்துல இருக்கும்மா. எடம் மாறுனா அப்படித்தான். ஒரு வாரம் பேசக்கூட விடக்கூடாதுன்னு சொல்லுதாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தாள்.


ஜூன் 22, ஞாயிறு

அம்மா கடைக்குப் போயிருந்தபோது தொட்டியைத் தோண்டினேன். முதலில் வாடைதான் வந்தது. எலி செத்த வாடை. வேரைத் தொட்டேன். ஆறிப்போன சேமியா பாயசம் மாதிரி கையோடு வந்தது. அடித்தண்டு கறுத்துவிட்டது. சுவரில் பாதி தூரம் வரைக்கும் இலைகள் தொங்கிவிட்டன. கடிகாரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவற்றுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

சுடலைமணிக்குப் போன் போட்டேன்.

“உங்கய்யாட்ட கேட்டியால?”

“கேட்டேன். சாத்துனாவ. தொட்டிச் செடிக்கு ரெண்டு கைப்பிடி போட்டா வேரு வெந்துருமாம். எதுக்குல ரெண்டாவது போட்ட?”

நான் போனை வைத்துவிட்டேன்.

திருஷ்டிப் பொட்டு இலையைத் தேடினேன். இருந்த இடத்தில் காணோம். அங்கே கொடியே ஒரு விரல் நீளத்துக்கு இல்லை. அழுகி அறுந்து விழுந்திருக்கும் என்று டிவிக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், குப்பைக் கூடையில் எல்லாம் பார்த்தேன். கிடைக்கவில்லை.

வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவிடம் சொன்னால் அவள் வைத்திருக்கும் எல்லா ஸ்டிக்கரும் ஆற்றில் போகும் என்று எச்சரித்தேன்.

“சொல்ல மாட்டேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “அண்ணே, செடி செத்துட்டா அம்மையும் செத்துருவாவளா?”

அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். மெதுவாகத்தான்.


ஜூன் 23, திங்கள்

மணி பிளாண்ட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அதைக் கேட்டு வாங்கி வைக்கக் கூடாது. காசு கொடுத்தும் வாங்கக் கூடாது. திருடி வைத்தால்தான் வளரும். இந்த ஊரில் ஒரு பட்டன் திருடாத நல்ல மனிதர்கள்கூட மணி பிளாண்ட் விஷயத்தில் திருடர்கள்தான்.

எங்கள் செடியும் திருட்டுச் செடி. அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று, அம்மா வீட்டு முன்வாசலில் தொங்கியதை அப்பா கிள்ளி, புதுச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பாக்கெட்டிலிருந்து ஓர் இலை எட்டிப் பார்த்ததாம். காபி கொண்டுவந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. “அந்தச் செடியப் பாத்துத்தான் சம்மதிச்சேன். மூஞ்சிய யாரு பாத்தா” என்று அம்மா சொல்லுவாள். அப்போதெல்லாம் அம்மாவிடம் கரண்ட் இருந்தது.

அந்தச் செடியிலிருந்து திருடியவள் பகவதி அத்தை. அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு, முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறாள். ஒருநாள் அத்தை கத்தரிக்கோலோடு வர, அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, “வீட்டுக்குள்ள யாரோ களவாங்க வந்தாப்ல இருக்கு, எனக்குக் கண்ணு தெரியல” என்றார். நான் நேரில் பார்த்த திருட்டு அது. இப்போது அத்தை வீட்டு வராந்தா கிராதி முழுக்க அந்தக் கொடிதான்.

ஆகவே அப்பா செடிக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே வாரிசு அத்தை வீட்டில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, எல்லோர் முன்னாலும் அத்தை அம்மாவிடம் கேட்டாள்.

“மொத நா ராத்திரியே நெஞ்சு எரியுதுன்னு சொன்னானாம்லா, சிவகாமி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம சுக்குத் தண்ணி போட்டுக் குடுத்துப் படுக்க வச்சிட்டியே.”

அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைச் சாம்பார் வாளிக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகுதான் பவர் கட் ஆரம்பித்தது.

எனவே கேட்க முடியாது. கேட்டால் வளரவும் வளராது. திருட வேண்டியதுதான். எனக்கு இது ஒரு விஷயமே இல்லை.


ஜூன் 24, செவ்வாய்

அத்தை தெருவில் சைக்கிளில் போய்ப் போய்த் திரும்பினேன். இது பயம் அல்ல. வேவு பார்த்தல்.


ஜூன் 25, புதன்

ஆபரேஷன் வெற்றி. பின்வரும் தலைமுறைகள் படித்துப் பயன்பெறும் பொருட்டு விவரங்களைப் பதிவு செய்கிறேன்.

அப்பா வேலையை அம்மாவுக்குக் கேட்டிருக்கிறோம். அந்தக் காகிதங்களுக்காக அம்மா இன்று ஆபீசுக்குப் போனாள், சாயங்காலம்தான் வருவாள் என்று தெரியும். எனக்கு வயிற்றுவலி. வடிவுக்கும் என் வயிற்றைப் பார்த்து வயிற்றுவலி.

உச்சி வெயிலில் தெருவில் ஆள் இல்லை. அத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குறட்டை விடும் நேரம். பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தேன். பூனை மாதிரி வராந்தாவுக்கு வந்தேன். கிராதியிலிருந்து கொடியை ஒரு கணு அறுபடாமல், ஓர் இலை கசங்காமல் பிரித்தேன். தொட்டியிலிருந்து வேர் மண்ணோடு எடுத்தேன். ஈரத் துணியில் சுற்றினேன். மறைந்தேன். மொத்தத்தில் ஒரு பழம் உரிக்கிற நேரம்.

வீட்டில் வடிவு கதவைத் திறந்தாள். குறுக்கு விசாரணை ஆரம்பமானது.

“இந்தத் துணி அத்தையோட பழைய சேலல்லா?”

“கொடியில காஞ்சுது. அதையும் களவாண்டேன்.”

“கன்னத்துல என்ன வெள்ளையா?”

“மாறுவேஷம்.”

“அரிசி மாவு வாட அடிக்கு.”

“நல்ல மாறுவேஷம்னா வாடையும் இருக்கணும்.”

“பையில என்னது?”

“முறுக்கு.”

“களவாங்கப் போன வீட்டுல முறுக்கும் குடுப்பாவளா?”

கேள்வி நேரம் முடிந்தது என்று அறிவித்து, அவள் வாயில் ஒரு முறுக்கை வைத்து அடைத்தேன்.

பிறகு வேலை. செத்த செடியைக் கிளிப் கிளிப்பாகக் கழற்றிச் சாக்கில் போட்டேன். தொட்டியைக் கழுவி வெயிலில் வைத்தேன். இந்த முறை வண்டல் இல்லை, யூரியா இல்லை. மொட்டைமாடிச் செம்மண்ணில் ஆற்று மணலும் காய்ந்த சாணித்தூளும் கலந்தேன். வேரை அலசவில்லை, அத்தை வீட்டு மண்ணோடு அப்படியே இறக்கினேன். மிதிக்கவில்லை; விரலால் அமுக்கினேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியும்.

கொடியைச் சுவரில் ஏற்றினோம். ஸ்டூலின் மேல் நான், கீழே கிளிப் டப்பாவோடு வடிவு. டிவிக்கு மேலே, காலண்டரைத் தாண்டி, கடிகாரத்துக்குக் கீழே, அப்பா போட்ட அதே லைன். கிளிப்பெல்லாம் அப்பா அடித்தது. நான் கொடியைக் கொடுத்தால் போதும், அவை தானே பிடித்துக்கொண்டன.

அத்தை கொடி நீளம். அடுப்படி நிலை வந்த பிறகும் மிச்சம் இருந்தது. நிலைக்கு மேலே கிளிப் இல்லை. அப்பாவின் டூல்ஸ் பையைத் திறந்து புதிதாக இரண்டு எடுத்து அடித்தேன். ஆணி அடிக்கும்போது விரலிலும் அடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான். சாதனையில் அது கணக்கு இல்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றியவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டிவியிலிருந்து அடுப்படி வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள்.

“செடி தேறிட்டும்மா” என்றேன்.

“ம்” என்றாள். உள்ளே போனாள். நிலையைத் தாண்டும்போது தலைக்கு மேலே ஒருமுறை நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.


ஜூன் 27, வெள்ளி

அம்மா இலை துடைத்தாள். கடிகாரத்துக்குப் பக்கத்தில், திருஷ்டிப் பொட்டு இலை இருந்த இடத்தில், கை நின்றது. அங்கே இப்போது சுத்தமான பச்சை இலை. என் நெஞ்சு டிரான்ஸ்பார்மர் மாதிரி இரைந்தது.

அம்மா அந்த இலையையும் துடைத்தாள். மற்ற இலைகளை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.


ஜூன் 29, ஞாயிறு

காலையில் எழுந்தபோது உளுந்து வறுக்கிற வாசனை. கனவு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். பிறகு பூண்டு, வெந்தயம். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உளுந்தஞ்சோறு அப்பாவுக்குப் பிடித்தது. மே மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அது வேகவில்லை.

அடுப்படிக்குப் போனேன். அம்மா அம்மியில் எள்ளுத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“குளிச்சிட்டுப் போயி அத்தையச் சாப்பிட வரச் சொல்லு.”

“எந்த அத்த?”

“உனக்கு எத்தன அத்த இருக்கா?”

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

“அவ வீட்டு வராந்தா வெறிச்சுன்னு கெடக்கும்லா. அதுக்குப் பதிலா ஒரு வா சோறாவது நம்ம போட வேண்டாமா.”

“அம்மா, அது வந்து...”

“ஏல, நீ யூரியா அள்ளிப் போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். அடுப்படிக்குள்ள நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?”

அம்மா அம்மிக் குழவியை நிறுத்தினாள். “நீ அவிய பேரச் சொல்லி ரெண்டாங் கைப்பிடி போட்டல்லா. அதத் தடுக்க எனக்கு வாய் வரல.”

பிறகு கையைக் கழுவிவிட்டு, சாமி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள். தண்ணீருக்குள் ஒரு துண்டுக் கொடி. கணுவிலிருந்து வெள்ளை வேர், நூல் மாதிரி. மேலே ஒரே ஓர் இலை. அதில் சுண்ணாம்புப் புள்ளி.

“மொத எல கையோட வந்த வெள்ளிக்கெழமையே கிள்ளிட்டேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போனதுக்கப்புறம். களவாண்டு வச்சாத்தானே வரும்.”

இந்த வீட்டில் ஒரு பெரிய திருடி இருந்திருக்கிறாள். எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

“செடி போனா நானும் போயிருவேன்னு நெனச்சியாக்கும்” என்றாள் அம்மா. வடிவு எனக்குப் பின்னால் வந்து நின்று, “நான் சொல்லலம்மா. அண்ணன்தான் நெனச்சான்” என்றாள். துரோகி. அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என்னையும் பார்த்தாள். நான் ஆம்பளை என்பதால் அம்மியைக் கழுவினேன்.

அத்தை வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே சுவர் முழுக்க அவள் வளர்த்த கொடி. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, “வாங்க மதினி” என்றாள்.

அத்தை உள்ளே வந்து கொடியைத் தொட்டபடி டிவியிலிருந்து நடந்தாள். காலண்டர், கடிகாரம், அடுப்படி நிலை வரைக்கும். அங்கே அம்மா நின்றிருந்தாள்.

“கொண்டு வந்து சேத்துட்டான்” என்றாள் அத்தை, நிலையைப் பார்த்து. அப்பாவைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா தெரியவில்லை. பிறகு சொன்னாள், “நானா இருந்தாலும் சுக்குத் தண்ணிதான் குடுத்திருப்பேன், சிவகாமி.”

அம்மா நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அம்மா அழுதது, பந்தலில் அழுதது மாதிரி இல்லை. இது வேறு. அத்தை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் வடிவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். காயப்போட்ட துணிகளை எல்லாம் தேவையில்லாமல் ஒருமுறை திருப்பிப் போட்டேன்.

சோறு ஆறிப்போய்த்தான் சாப்பிட்டோம். நான்கு இலை போட்டோம். ஐந்தாவது இலையை வடிவு பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டாள். யாரும் அவளை ஏசவில்லை. அதில் துவையலும் அப்பளமும் வைத்தோம்.


ஜூன் 30, திங்கள்

தமிழ் ஐயா அவர்களுக்கு,

மாசம் முடிந்துவிட்டது. நாளை இந்த நோட்டு உங்கள் கைக்கு வரும். படிக்க மாட்டேன் என்று சொன்னீர்கள். நம்புகிறேன். ஆனாலும் புரட்டும்போது கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று, புதன்கிழமைப் பக்கத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் எழுதி வைக்கிறேன்.

நான் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. அந்தச் சுவர் உயரம். முன் கேட்டைத்தான் திறந்தேன். அது கிரீச் என்றது. அத்தை குறட்டை விடவில்லை. மாவுக் கையோடு வெளியே வந்தாள். “எய்யா, ஏன் வெயில்ல நிக்க?” என்றாள். அப்பா குரலில் இருக்கிற மாதிரியே ஒரு இழுப்பு அவளுக்கும் உண்டு. எனக்கு அது மறந்துபோயிருந்தது.

சைக்கிளில் போகும்போதே நல்ல பொய்கள் தயார் செய்து வைத்திருந்தேன். பந்து விழுந்துவிட்டது, மீட்டர் ரீடிங் எடுக்க வந்தேன் என்று. ஒன்றும் உதவவில்லை. “அப்பா செடி” என்று ஆரம்பித்தேன். மீதி வரவில்லை. அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, பந்தல்காரர் வரைக்கும் எல்லோரும் மே மாதம் அழுததை நான் அங்கே மொத்தமாக அழுது தீர்த்தேன். கன்னத்து மாவு மாறுவேஷம் அல்ல. அவள் துடைத்துவிட்டது.

கொடியை நான் பிரிக்கவில்லை. அத்தைதான் கொண்டை ஊசியால் ஒவ்வொரு சுற்றாக நெம்பிப் பிரித்தாள். பழம் உரிக்கிற நேரம் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாதி போதும் அத்தை என்றதற்கு, “பாதியா எடுத்தா உங்கம்மைக்குத் தெரிஞ்சிரும்லா” என்று வேரோடு கொடுத்தாள். மண் கலக்கும் விதமும் அவள் சொன்னதுதான். திரும்பும்போது முறுக்கும் கொடுத்தாள். வடிவு முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகவே அழாதவன் சாதனை ரத்து செய்யப்படுகிறது. நான் திருடனும் இல்லை.

ஒன்றுதான் புரியவில்லை, ஐயா. திருடினால் வளரும், கேட்டு வாங்கினால் வளராது என்கிறார்கள். நான் திருடவில்லை. கேட்கவும் இல்லை. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. இப்படி வந்த செடி வளருமா வளராதா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.